மைனஸ் முப்பதில் நின்ற படகு

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், விடைத்தாள் கட்டுக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவே கிடைத்தது. என் மனைவி கணக்கு டீச்சர். திருத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று சிவப்புப் பேனாவைக் கீழே போட்டாள்.

"என்னங்க, இதப் பாருங்க. சைன் x சமம் மைனஸ் அரை. பூஜ்யத்துலேர்ந்து முன்னூத்தி அறுபது டிகிரிக்குள்ள விடை கேட்டிருக்கேன். இந்தப் பசங்க மைனஸ் முப்பதுன்னு எழுதி, கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்காங்க!"

"தப்பா?"

"கால்குலேட்டர் அதத்தான் சொல்லும். ஆனா அது கேட்ட எல்லைக்கு வெளியில நிக்குது. உள்ள வேற ரெண்டு இருக்கு. இருநூத்திப் பத்து, முன்னூத்தி முப்பது. அத யாரும் தேடல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே நிற்கும் விடையைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் இரண்டைக் கோட்டைவிடும் மனிதன்! தொடர்கதைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அலைகள் ஆர்ப்பரித்தன. அவள் விழிகளிலோ—"

(அடித்துவிட்டேன். இதே வரியைப் போன தொடரிலும் எழுதியிருக்கிறேன்.)

இரண்டாவது: "ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு தாழ்வான பாலம்." இது ஓடும். பாலத்தின் அடியில் கடல்நீர் ஏறும், இறங்கும். காலை ஆறு மணியைப் பூஜ்யம் என்று வைத்தால், மணிக்கு முப்பது டிகிரி.* அந்த டிகிரியின் சைன் மைனஸ் அரை ஆகும்போது தண்ணீர் சரியாக மூன்று மீட்டர். அதற்குக் கீழே இறங்கினால்தான் ஆம்புலன்ஸ் படகின் கூரை பாலத்தில் இடிக்காது. பகலில் மட்டுமே அனுமதி, ஆறிலிருந்து ஆறு வரை.

பாலத்தின் இளம் இன்ஜினியர்தான் கதாநாயகன். படகில் பிரசவ வலியோடு வருவது அவன் மனைவி. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்.

* நிஜக் கடல் இவ்வளவு ஒழுங்காகச் சுற்றாது. இது வாரப் பத்திரிகைக் கடல்.

3

நண்பகல். அவன் கால்குலேட்டரைத் தட்டுகிறான். மைனஸ் முப்பது. அதாவது ஆறுக்கு ஒரு மணி நேரம் முன்னால், காலை ஐந்து. "நேரம் போயிடுச்சு, திரும்பிடுங்க" என்று போனில் அழுகிறான். படகு திரும்பியது. அவள்—

"அவளக் கொன்னுட்டீங்களா?" தோளுக்குப் பின்னாலிருந்து குரல்.

"இன்னும் இல்ல. அடுத்த பாராவுல."

"பேனாவ வைங்க கீழ. பாலத்துல வேலை பாக்குறவன், ஜன்னல் வழியா தண்ணி இறங்குறதப் பாக்க மாட்டானா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லை. "பொண்டாட்டிக்கு வலின்னு கேட்டதும் ஜன்னல் எங்க தெரியும்? நம்பர்தான் தெரியும்."

யோசித்தாள். "அதுவும் சரிதான். என் பிரசவத்துக்கு, என்னை வாசல்ல விட்டுட்டு துணிப்பையோட டாக்ஸில போனவருதானே நீங்க."

இன்ஜினியர் பிழைத்தான். ஆனால் அவன் மனைவியைக் கொல்லவிருந்த வரி பிழைக்கவில்லை. "படகு திரும்பியது" என்பதை அடித்தேன்.

4

இனி நடந்ததை நான் திட்டமிடவில்லை. படகிலிருந்து அவள் போனைப் பிடுங்கினாள்.

"யோவ்! மணி பன்னெண்டு ஆகுது, காலைல அஞ்சு மணிக்கா வழி சொல்ற? போன பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்குறியா? தண்ணி ஒரு தடவ இறங்குறதோட நின்னுடுமா, திரும்ப இறங்காதா? ஒழுங்கா போட்டுப் பாரு!"

அவன் ஒரு வட்டம் போட்டான். மைனஸ் முப்பதோடு முந்நூற்று அறுபதைக் கூட்டினால் முந்நூற்று முப்பது: மாலை ஐந்து மணி. அதே உயரம் வட்டத்தின் மறுபக்கத்திலும் உண்டு. நூற்றெண்பதும் முப்பதும் இருநூற்றுப் பத்து: மதியம் ஒன்று!

"ஒரு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் மூணு மீட்டருக்குக் கீழதான்டி! வா, வந்துடு!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மனைவி கைதட்டினாள். அப்புறம் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஆனா, சரியா ஒரு மணிக்கு இடைவெளி எவ்ளோ?"

பூஜ்யம். கூரையும் பாலமும் ஒட்டிக்கொள்ளும்.

5

முடிவு அ: ஒன்று அடித்ததும் கிளம்பினார்கள். கூரை கிறீச்சிட்டது, படகு நடுப்பாலத்தில் சிக்கி— (வேண்டாம்.)

முடிவு ஆ: இரண்டு மணி வரை காத்திருந்தார்கள். தாராளமாக இடம் இருந்தது. ஆனால் படகிலேயே, டாக்டர் இல்லாமல், குழந்தை குறுக்காக— (என் மனைவி இந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டாள்.)

சமன்பாடு எல்லையைத்தான் சொன்னது. எல்லைக்குள்ளே எந்த நிமிஷம் என்று சொல்லவில்லை.

இப்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. படகு பாலத்தை ஒட்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. இன்ஜினியர் ஜன்னலைத் திறந்து கையை உயர்த்தியிருக்கிறான். கை கீழே வந்தால் படகு பாயும். நிமிஷத்துக்கு நிமிஷம் இடைவெளி விரிகிறது. நிமிஷத்துக்கு நிமிஷம் குழந்தையும் இறங்குகிறது. அவள் கத்துகிறாள், "எப்பய்யா?"

அவன் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். சொல்லுங்கள், எப்போது?