கனத்த ரூபாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் காசு போடும் துவாரம் வைக்கச் சொன்னது நான்தான். பாவம் தியோடர், பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்து வைத்தார் என்று சந்தில் ஆளாளுக்குப் பேசித் திரிகிறார்கள். பயமாவது மண்ணாங்கட்டியாவது. பயப்படுவதற்கு ஒருமுறையாவது அந்த மனிதர் என் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டுமே.

பிரேசர் டவுனில், மசூதி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். தியோடர் சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம், காசு போட்டுப் பேசுகிற டெலிபோன் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். தொண்ணூற்று மூன்றில் ஆள்குறைப்பு என்று சொல்லி, ஒரு தொகையைக் கையில் திணித்து, மாலை போட்டு, வேனில் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பிள்ளை குட்டி எதுவும் இல்லை. மாலையை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தவர் ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருநாள் குளித்து, சவரம் செய்துகொண்டு சிவாஜிநகர் போய், பழைய டிவி ஒன்றையும் வீடியோ கேம் டப்பா ஒன்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். எழுந்துவிட்டாரே, அதுவே போதும் என்று அன்றைக்கு நான் மீன் குழம்பு வைத்தேன்.

அடுத்த வாரம் நான் தையல் கடைக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என் அலமாரியை அறுத்துவிட்டார். என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்கு அலமாரி அது. புடவைகளை ஒழுங்காக மடித்துக் கட்டிலின்மேல் அடுக்கிவிட்டு, அலமாரியைப் பலகை பலகையாகப் பிரித்து, ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்திருந்தார். டிவி அதற்குள் சாய்ந்து படுத்திருந்தது. கீழே ஒரு கைப்பிடியும் நாலு பொத்தானும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பிளைவுட் ஆடும், தேக்குதான் அதிராது என்றார். பெட்டியின் பக்கவாட்டில் என் அலமாரியின் சாவித்துவாரம் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். விமானம் ஓட்டுகிற விளையாட்டு. ஏழு கட்டம். ஏழாவதில் ஒரு கோட்டை, அதற்கு ஒரு இரும்புக் கதவு. அது உடைந்தால் விளையாட்டு முடிந்தது. இடையில் செத்தாலும், கரண்ட் போனாலும், மறுபடியும் முதல் கட்டத்திலிருந்துதான். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழ மாட்டார். காபி வேண்டுமென்றால் திரையைப் பார்த்தபடியே இடது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டுவார். நான் டம்ளரை அந்தக் கையில் வைக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினைந்து மாதம் வைத்தேன். ஒருநாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் வைத்தேன். கை வாங்கிக்கொண்டது.

இதற்குள் ஜன்னலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள், மெக்கானிக் ஷெட் ஆட்கள், பேக்கரியில் மாவு பிசைகிற சீனு. ஒருவன் உள்ளே வந்து காசு தருகிறேன், ஆடலாமா என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தையல் கடையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம். அதோடு இன்னொரு விஷயமும் தட்டியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

காசு போட்டால் ஓட வேண்டும், நேரம் முடிந்தால் தானாக நிற்க வேண்டும், உங்களால் முடியுமா என்று தியோடரைக் கேட்டேன். மனிதர் திரும்பினார். பதினெட்டு வருடம் செய்த வேலை ஆயிற்றே, முகம் மலர்ந்துவிட்டது. பதினோரு நாள் அதைச் செய்தார். அந்தப் பதினோரு நாளும் பெட்டியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்து, என்னோடு பேசினார். ரூபாய் விழுந்தால் இந்த நெம்புகோல் சாயும், ஆறு நிமிடம் ஓடும், கடைசி அரை நிமிடம் சிவப்பு பல்ப் எரியும், அதற்குள் அடுத்த ரூபாய் விழவில்லையென்றால் கரண்ட் கட். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு பேசினதில்லை.

அப்போதுதான் ஒருநாள் சொன்னார். கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"ஃபாக்டரில பாதி வேலைல எழுப்பி அனுப்பிட்டாங்க மௌரீன். என் டேபிள்ல ஒரு பெட்டி தொறந்தபடியே கெடக்கு. இந்த ஏழாவது கட்டத்தையாவது ஒருவாட்டி முடிச்சிடணும்."

எனக்கு அது தெரியும் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். தெரியாமல் எதையும் நான் செய்யவில்லை.

நேரம் முடிந்து நின்றால், அடுத்த காசுக்கு விட்ட இடத்திலிருந்து ஓடுமா என்று கேட்டேன். ஓடாது, ஆரம்பத்திலிருந்துதான், ஆடுகிறவனுக்கு ரொம்பக் கொடுமையாக இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றேன். அவரும் சிரித்தார். வேறு யாருக்கோ நடக்கப் போகிறது என்று நினைத்துச் சிரித்தார்.

கடை திறந்த அன்று காலையில் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாக இருந்தது. நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காசு என்றேன். தமாஷ் என்று நினைத்து இன்னொரு தடவை பொத்தானை அமுக்கினார். பிறகு எழுந்து சட்டைப்பையைத் தடவினார்.

அவர் செய்த ஒரு தப்பு எனக்கு வசதியாகப் போயிற்று. நெம்புகோலைப் பழைய ரூபாய்க்கு எடை பார்த்து வைத்திருந்தார், அந்தக் கனமான வெள்ளை ரூபாய்க்கு. கை பழகிய எடை அதுதான். ஆனால் ஊரெல்லாம் அதற்குள் புது எவர்சில்வர் ரூபாய் வந்துவிட்டது. இலேசான காசு. அதைப் போட்டால் நெம்புகோல் அசையாது, காசு கீழே தட்டில் வந்து விழும். சர்க்கார் நிறுத்தின காசுக்கு மெஷின் செய்கிற மகானை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ஏசினேன். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காய்கறிக்காரியிடம், பஸ் கண்டக்டரிடம், சர்ச் காணிக்கைப் பையில், எங்கெல்லாம் கனத்த ரூபாய் இருந்ததோ அங்கெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து ஒரு பிஸ்கட் டின்னை நிரப்பினேன். ஆட வருகிறவன் எந்தக் காசு கொண்டுவந்தாலும் என்னிடம் கொடுத்துக் கனத்ததை வாங்க வேண்டும். என் கையைத் தாண்டி அந்தப் பெட்டி ஒரு நிமிடம் ஓடாது.

தியோடருக்கு ஒரு நாளைக்கு ஆறு காசு. மிச்சம் இருந்தால் சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டும். ஏன் ஆறு என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். முன்பே ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். கோட்டைக் கதவுக்குப் போய்ச்சேர நாற்பது நிமிடத்துக்குமேல் ஆகும், ஏழு காசு. கதவை உடைக்க எட்டு. ஆறு காசில் ஆறாவது கட்டத்தின் நடுவில் பல்ப் சிவந்து திரை அணைந்துவிடும். கெஞ்சட்டும், ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பி, மௌரீன், இன்னும் ரெண்டு குடு என்று கேட்கட்டும். கொடுத்திருப்பேன், சத்தியமாக டின்னோடு கொடுத்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. தினமும் ஆறைப் போட்டு, அணைந்ததும் எழுந்து, மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் ஆடும்போது அவர் விரல்கள் தொடைமேல் தாமாக அசையும்.

சீனு மத்தியான ஓய்வில் வருவான். இருபது வயதிருக்கும், கை வேகம். தியோடர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார். இடது ஓரம் போ, இப்போது சுடாதே, மூன்று எண்ணு. எனக்கு வயிறு எரியும். என்னிடம் வருடம் முழுக்கப் பேசாததை இந்த மாவு பிசைகிறவனிடம் ஒரு மத்தியானத்தில் பேசினார். நான் ஒரு காரியம் செய்தேன். சீனுவை ஓரமாகக் கூப்பிட்டு, எட்டு காசு ஓசியில் கொடுத்து, இன்றைக்கு அந்தக் கதவை உடை பார்க்கலாம் என்றேன். உடைத்துவிட்டான். திரையில் வாணவேடிக்கை, மெஷினிலிருந்து ஒரு பாட்டு. நின்றவர்களெல்லாம் கைதட்டினார்கள். தியோடரும் தட்டினார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் நான் அவ்வளவும் செய்தேன், அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, வெளியே மழை. ஆட ஆள் இல்லை, சீனு மட்டும் இருந்தான். தியோடர் ஆறு காசையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரு அடிகூட வாங்கவில்லை. ஆறாவது காசு முடியும்போது பல்ப் சிவந்தது. சீனு தன் பையிலிருந்து ஒரு கனத்த ரூபாயை எடுத்துத் துவாரத்தில் போட்டான். என்னைக் கேட்காமல் போட்டான். எனக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. ஏழாவது கட்டம் வந்தது. கோட்டை வந்தது. கதவில் ஒரு பக்கம் உடைந்து நெருப்பு கக்க ஆரம்பித்தது. பல்ப் மறுபடியும் சிவந்தது.

சீனு பைகளைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஆன்ட்டி, அங்கிள் கடைசில இருக்காரு. சீக்கிரம்."

தியோடர் திரும்பவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டினார். காபிக்கு நீட்டுகிற அதே கை. வலது கை கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை.

என் முன்னால் இரண்டு வகைக் காசும் இருந்தன. டின்னில் கனத்த ரூபாய்கள், மேஜைமேல் சீனு மாற்றின புது எவர்சில்வர் ரூபாய். நான் தடுமாறவில்லை. எடுத்ததும் தெரியும், எழுந்து போனதும் தெரியும். புது ரூபாயை அந்த உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடின. ஒரு நொடி அப்படியே நின்றன. பிறகு கை முன்னால் போய்க் காசைத் துவாரத்தில் போட்டது.

காசு கீழே தட்டில் வந்து விழுந்தது. திரை அணைந்தது.

சீனு ஐயோ என்றான். அப்புறம் தட்டில் கிடந்த காசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கள் சந்துக்கே வரவில்லை.

தியோடர் ஸ்டூலோடு திரும்பினார். முழுசாகத் திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார், அடிப்பார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவசரத்தில் காசு மாறிப்போயிற்று என்று சொன்னேன். பொய்தான். அது பொய்யென்று அவருக்கும் தெரியும்.

"புதுக் காசுன்னு கைல விழுந்தப்பவே தெரிஞ்சுச்சு. பதினெட்டு வருஷம் எடை பாத்த கை."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"நீ குடுத்தே. போட்டேன்."

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து நெம்புகோலைப் புது ரூபாய்க்கு மாற்றினார். அவர் முன்பே சொன்னபடி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது யார் பையில் இருக்கிற காசும் அதில் ஓடும். பிஸ்கட் டின் ஒரு மூலையில் கிடக்கிறது. கூட்டம் முன்னைவிட அதிகம்.

அவர் அதில் ஆடுவதில்லை. எட்டு காசை எடுத்து மேஜைமேல் வைத்து, போய் உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒருநாள் அழுதும் சொன்னேன். பரவாயில்லை மௌரீன், வருகிறவர்கள் ஆடட்டும் என்கிறார். பெட்டிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் பதில் சொல்கிறார். விரல்கள் தொடைமேல் அசைவதில்லை. காபி கொண்டுபோனால் இரண்டு கையாலும், என் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார். நான்தான் டம்ளரைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.