நடுவில் இருப்பவர்கள்

“இல்லைங்கிறதையாவது எழுதிக் குடுங்க, சார்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடியே அவளைப் பார்த்தார். அந்தப் பணம் செலுத்தும் செயலி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவள் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் பணிவாகப் பேசலாம். எழுத்தில் வேண்டும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிட வேண்டும். வாடிக்கையாளருக்கே அப்படியென்றால், அங்கே சம்பளம் வாங்குகிறவள் கேட்கவே கூடாது. காலையில் அம்மாவும் அதைத்தான் சொல்லி அனுப்பினாள். “என் காசு போனது போகட்டும். உன் ஆபீசுல வாயத் தொறந்து உன் வேலைக்கும் உலை வெச்சுடாதடி.”

அம்மா தையல்காரி. பட்டறையில் ஆர்டர் குறைந்ததும் வயதானவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்ததை வைத்து ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டால், துணிகளுக்கு விளிம்பு அடித்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அம்மா நினைத்தாள். இணையத்தில் கடையைத் தேடிக் கொடுத்தது மகள்தான். தன் நிறுவனத்தின் செயலி வழியாகப் பணம் கட்டச் சொன்னதும் அவள்தான். பொருள் கைக்கு வந்த பிறகுதான் கடைக்காரனுக்குப் பணம் போகும், அதுவரை எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று விளம்பரத்தில் வருவதை அப்படியே வீட்டில் ஒப்பித்தாள்.

மெஷினுக்குப் பதிலாக ஒரு போன் வந்தது. வண்டியில் ஏற்றியாகிவிட்டது, நீங்கள் செயலியில் ‘பொருள் வந்துவிட்டது’ என்பதை அழுத்தினால்தான் வண்டி கிளம்பும் என்றான் கடைக்காரன். அம்மா மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வேலை நேரத்தில் புகார்ப் பிரிவில் எல்லோருடைய போனும் வாசலில் இருக்கும் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். மணி அடித்து ஓய்ந்தது. அம்மா அழுத்திவிட்டாள்.

பட்டறையில் அப்படித்தான். வெட்டிய துணிக்கட்டு மேசைக்கு வரும் முன்பே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போடாதவளுக்குக் கட்டு வராது. கட்டு வராதவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. இத்தனை வருஷமும் வராததை வந்ததாகச் சொல்லித்தான் அம்மா வேலை வாங்கியிருக்கிறாள். கடைக்காரன் கேட்டதும் அவளுக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. அழுத்தியதும் பணம் அவனுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை.

அம்மாவும் மகளும் வங்கிக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீங்கள் கடைக்குக் கட்டவில்லை, செயலிக்குக் கட்டியிருக்கிறீர்கள். செயலிக்குப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைக்கு நேராகக் கட்டியிருந்தால் நாங்கள் திரும்பக் கேட்டிருப்போம். பொருள் வரவில்லை என்று செயலிக்காரர்கள் எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம். நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் மரப்பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்த பிறகு கிடைத்ததும் அதே பதில்தான். நிறுவனம் என்ன சொல்கிறது என்பது எழுத்தில் வேண்டும்.

“நீங்க நம்ம ஆளு. உங்களுக்கு நான் விளக்கணுமா?” என்றார் மேலாளர். “நாம கடையும் இல்ல, பேங்கும் இல்ல. நடுவுல இருக்கோம்.”

“நடுவுல இருந்து கமிஷன் எடுக்கிறோமே, சார்.”

“அது சேவைக்கு.”

“எங்கம்மாவுக்கு என்ன சேவை செஞ்சோம்?”

அவர் கோபப்படவில்லை. அவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர். யார் கத்தினாலும் சூடாக மாட்டார், எதிரில் நிற்கிறவர்தான் விறைத்துப்போவார். திரையை அவள் பக்கம் திருப்பி, அம்மா அழுத்திய நேரத்தைக் காட்டினார். ஏமாற்றி அழுத்த வைத்திருக்கிறான் என்றாள் அவள். அதே கடைமேல் அதே மாதிரிப் புகார்கள் குவிந்து கிடப்பதையும் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் புகார், சேர்த்துப் பார்க்க வழியில்லை என்றார். பிறகு ஏன் அந்தக் கடைக்கு ‘நம்பகமான விற்பனையாளர்’ என்ற முத்திரை இன்னும் இருக்கிறது என்று கேட்டாள். அது வேறு பிரிவு என்றார்.

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஊழியர் நலனுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. அம்மா கட்டியதில் பாதியை அதிலிருந்து எடுத்து அவள் சம்பளத்தோடு சேர்த்துப் போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பதிலுக்கு, அம்மாவின் புகாரை அவளே தன் இருக்கையிலிருந்து முடித்து வைக்க வேண்டும். காரணம்: வாடிக்கையாளரின் தவறு.

“வேற யாருக்கும் இதச் செய்ய மாட்டேன்மா. வெளிய சொல்லிடாதீங்க.”

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். பக்கத்து இருக்கைக்காரிக்கு ரேடியோ என்று பெயர். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் மூச்சிலும் பேசிவிடுவாள்.

“என்ன, ஐஸ்கட்டி கரைஞ்சாரா?”

“பாதி.”

“பாதின்னா வாங்கிக்க. முழுசாக் கரைஞ்சா தரைதான் ஈரமாகும்.” ரேடியோ காதுக்கருவியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். “டிகிரி வாங்கினவ மாதிரி முறைக்காத. வாடகை கட்டுறவ மாதிரி யோசி.”

யோசித்தாள். பாதியில் பழைய மெஷின் ஒன்று கிடைக்கும். அடிக்கடி நூல் அறுக்கும், ஆனால் ஓடும். அம்மாவிடம் கேட்டால், கேள்வி முடிவதற்குள் வாங்கிக்கொள் என்பாள். புகாரைத் திறந்தாள். ‘வாடிக்கையாளரின் தவறு’ பட்டியலில் முதல் வரியாகவே இருந்தது, அடிக்கடி தேவைப்படும் என்பதால். அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். விரல் இறங்கவில்லை. வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அதைச் சட்டம் போட்டு மாட்டியபோது, இனிமேல் நம்மை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஒரு பெண். பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம்.

“மேடம், ஒரு தையல் மெஷினுக்குப் பணம் கட்டியிருக்கேன். வந்துருச்சுன்னு அழுத்தினாத்தான் வண்டி கிளம்பும்கிறாரு கடைக்காரரு. லைன்லயே இருக்காரு. அழுத்தட்டுமா?”

திரையில் கடையின் பெயர் வந்தது. பக்கத்திலேயே பச்சை முத்திரை. கீழே அவள் சொல்ல வேண்டிய பதில் தானாக வந்து நின்றது: ‘அது முழுக்க உங்கள் விருப்பம், மேடம்.’

“அழுத்தாதீங்க, அக்கா,” என்றாள்.

“அழுத்தலைன்னா அனுப்ப மாட்டாராமே?”

“அழுத்தினாலும் அனுப்ப மாட்டான். எங்கம்மாவுக்கு அனுப்பல.”

எதிர்முனையில் அடுப்பை அணைத்தார்கள். “நீங்க கம்பெனியிலேருந்துதானே பேசுறீங்க?”

“கம்பெனிதான்.”

“அப்ப ரெண்டு வரி எழுதி அனுப்புங்களேன். நான் வாயால சொன்னா என் வீட்டுக்காரர் நம்ப மாட்டாரு. சந்தேகப்பட்டுக் காரியத்தக் கெடுத்துட்டேன்னு என்னத்தான் திட்டுவாரு.”

பதில் பெட்டியைத் திறந்தாள். தயாராக இருந்த வாசகங்களை அழித்துவிட்டுத் தானே எழுதினாள். இந்தக் கடை பொருளை அனுப்பாமலே வந்துவிட்டதாக அழுத்தச் சொல்கிறது. பலர் இப்படிப் பணத்தை இழந்திருக்கிறார்கள். எங்களுக்கு இது தெரியும். கீழே தன் பெயரையும் ஊழியர் எண்ணையும் போட்டு அனுப்பினாள். பிறகு அம்மாவின் புகாருக்குப் போய், பொருள் வந்து சேரவில்லை, வரும் முன்பே பணத்தைக் கடைக்காரனுக்கு விட்டுவிட்டோம் என்று எழுதி அதையும் அனுப்பினாள். ரேடியோ எட்டி அவள் திரையைப் படித்தாள்.

அழைப்புகளை மேலாளர் தன் அறையிலிருந்தே கேட்பார். வேகமாகத்தான் வந்தார், ஆனால் குரல் உயரவில்லை. அவள் எழுதியது நிறுவனத்தின் பதிலாகாது, அதிகாரம் இல்லாதவள் எழுதியது எந்த வங்கியிலும் செல்லாது என்றார். இப்போதே இரண்டு பேருக்கும் திருத்தம் போய்விடும், ஊழியர் நிதியையும் மறந்துவிடலாம் என்றார்.

“உங்கம்மாவுக்குக் கிடைக்க இருந்ததையும் கெடுத்துட்டீங்க.”

“எங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன், சார்.”

அடையாள அட்டையைக் கேட்பதற்காக அவர் கையை நீட்டினார். அது ஏற்கெனவே கழற்றப்பட்டு விசைப்பலகைமேல் கிடந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். ரேடியோ அவள் முழங்கையை ஒருமுறை பிடித்து அழுத்தினாள். அதற்குள் ரேடியோவுக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

மேலாளர் உட்காராமலே குனிந்து, அவளுடைய கணினியில் இன்னும் திறந்திருந்த அம்மாவின் புகாரில் பட்டியலின் முதல் வரியைத் தட்டினார்.

வெளியே போகும் வழியில் சுவர் முழுக்க ஒரு திரை. அன்றைக்குத் தீர்த்துவைத்த புகார்களின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே இருக்கும். அவள் அதைக் கடக்கும்போது எண் ஒன்று கூடியது. இலக்கைத் தொட்டுவிட்டதற்கான மணி ஒலித்தது. வழக்கப்படி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் காதில் இருந்த அழைப்பை நிறுத்தாமலே, தலையைத் தூக்காமலே கை தட்டினார்கள். அவள் வாசல் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.