உச்சிமாகாளியின் இங்கிலீஷ் மார்க்

தென்காசி ஹைஸ்கூலில் தில்லைநாயகத்துக்குச் சம்பளம் ஒன்று, வேலை இரண்டு. பகலெல்லாம் இங்கிலீஷ் பாடம். நாலரை மணிக்குக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, விசிலும் கையுமாக ஃபுட்பால். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ்காரன் ஆட்டமும் தெரியும் என்று ஹெட்மாஸ்டர் முடிவு கட்டியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், தில்லைநாயகத்துக்கு அது தெரியத்தான் செய்தது.

இலஞ்சியிலிருந்து நடந்து வந்து படித்த உச்சிமாகாளிதான் அவருடைய டீமுக்கு உயிர். அவன் பந்தோடு வந்தால் எதிர்க் கோல்கீப்பர் சாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவான். 1941இல் அவனுக்குக் கடைசி வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வைக்கும் செலக்‌ஷன் பரீட்சையில் தேறினால் சர்க்கார் பரீட்சை எழுதிவிட்டு வெளியே போய்விடுவான். ஒரு பாடத்தில் தவறினாலும் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். ஜில்லா கேடயத்துக்கான ஆட்டமோ ஜூலையில், குற்றாலத்தில்.

இங்கிலீஷ் பேப்பரில் அவனுக்கு நாற்பத்தொன்று வந்தது. முப்பத்தைந்து இருந்தால் பாஸ். தில்லைநாயகம் கட்டுரைக்குப் போட்ட மார்க்கை அடித்துக் குறைத்து, மொத்தத்தை இருபத்தொன்பது ஆக்கினார். இன்னொரு வருஷம் படித்தால் பையனுக்கு நல்லதுதானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்லத் தெரியாத திருடன் உண்டா?

ஆனால் பெயிலான பயலை இன்னொரு வருஷம் படிக்க வைக்கிற வழக்கம் இலஞ்சியில் உழுது பிழைக்கிற சம்சாரி வீடுகளில் கிடையாது. அது இந்த மெத்தப் படித்தவருக்குத் தோன்றவில்லை. லிஸ்ட் ஒட்டிய பத்தாம் நாள் உச்சிமாகாளி பட்டாளத்தில் சேர்ந்து ரயிலேறிவிட்டான். அவனில்லாத டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

மறு வருஷம் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவன் அப்பா சுடலையாண்டி ஆட்ட மைதானத்துக்கே வந்தார். கையில் தந்தி. எந்தக் காகிதம் இங்கிலீஷில் வந்தாலும் ஊர்க்காரர்கள் தில்லைநாயகத்திடம்தான் கொண்டுவருவார்கள்.

"என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, சார்வாள்."

சிங்கப்பூர்ச் சண்டையில் உச்சிமாகாளியைக் காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்தது. தில்லைநாயகம் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார், வகுப்பில் சொல்வதுபோலவே.

"காணலைன்னா தேடுவாங்கல்லா?" என்றார் சுடலையாண்டி.

"தேடுவாங்க."

தனக்கு அழுகை வரும் என்று தில்லைநாயகம் காத்திருந்தார். வரவில்லை. அருவியில் வெகுநேரம் நின்ற தலை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. மைதானத்தில் ஒரு பையன் இன்னொருவனை இடறி விழத்தட்டினான். இவர் கை தானாக விசிலை எடுத்து ஊதியது. ஆட்டம் நின்று, மறுபடி ஓடியது.

"அண்ணாச்சி, அவன் பெயில் இல்ல. இங்கிலீஷ்ல பாஸ்தான். டீமுக்கு வேணும்னு நாந்தான் மார்க்கைக் குறைச்சேன்."

சொல்லிவிட்டு அடிக்காக நின்றார். அடித்தால் தேவலை என்று இருந்தது. சுடலையாண்டி தந்தியை வாங்கி, சாரலில் நனையாதபடி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"நெசமாவே பாஸா?"

"நாற்பத்தொண்ணு."

சுடலையாண்டி தலையாட்டினார். துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு நாலடி போனவர், திரும்பி வந்தார்.

"அவன் அம்மை மாடத்தி காதுக்கு மட்டும் இது போயிரக் கூடாது, சார்வாள். பெயிலாப்போன பயலுக்குச் சோறு ஒரு கேடான்னு, அன்னைக்கு வட்டிலைப் பிடுங்கி வெரட்டி விட்டது அவதான்."