கட்டத்தாளின் பின்பக்கம்

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் புவனேஸ்வரிக்கு இப்போதெல்லாம் நன்றிதான் முதலில் வருகிறது, நடுக்கம் பிறகுதான். அன்றைக்கு நடுக்கம் மட்டுமே இருந்தது.

மகள் ஏலவார்குழலி ஒன்பதாவது படிக்கும் பெண்கள் பள்ளியில், மேலாண்மைக் குழுத் தலைவியாக அவளைத் தேர்ந்தெடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முசரவாக்கத்தில் தறிக்காரக் குடும்பம். கணவன் சிவபாலன் நெய்வான். சேலைக் கரைக்கு வேண்டிய பூவையும் பட்சியையும் கட்டத்தாளில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. கூட்டத்தில் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே மற்ற பெற்றோர் அவளுக்குக் கை தூக்கினார்கள் போலும்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை மதியம் ‘மாணவர் மனசு’ பெட்டியைத் திறப்பார்கள். பிள்ளைகள் தங்கள் குறையைப் பெயர் போடாமல் எழுதிப் போடும் பெட்டி. அதில் இரண்டு பூட்டு. ஒரு சாவி அறிவியல் ஆசிரியை அகிலாவிடம், இன்னொன்று புவனேஸ்வரியிடம்.

அன்று மூன்று தாள்கள் கிடந்தன. முதலாவது, கழிப்பறைத் தாழ்ப்பாள். இரண்டாவதைப் படித்ததும் அகிலா சிரித்துவிட்டாள்.

“வியாழக்கிழமை சாம்பார் தண்ணியா இருக்குதாம். நாலு வாரமா இதே பொண்ணுதான் எழுதுது.”

“யாரு மிஸ் அது?”

“கையெழுத்து தெரியும்மா. ஆனா தெரியாத மாதிரிதான் இருப்பேன். இல்லேன்னா அடுத்த தடவ எழுதாது.”

மூன்றாவதை விரித்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். “எல்லாரும் இறங்கினப்புறம் ஆட்டோ அண்ணா என்னை முன்சீட்டுக்கு வரச் சொல்றார். வேணாம்னாலும் போட்டோ எடுக்கறார். வீட்ல சொன்னா ஸ்கூலை நிறுத்திடுவாங்க. எனக்கு ஸ்கூல் வேணும்.”

அகிலாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. புவனேஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டே தாளின் மறுபக்கத்தைப் பார்த்தாள். சிறு சிறு கட்டங்கள். பாதி நிரப்பிய அன்னம். கழுத்து கோணிப் போனதென்று போன மாதம் அவளே தூக்கிப் போட்ட அன்னம்.

பேசாமல் இருந்துவிடலாம். தாளில் பெயரில்லை. அந்த எண்ணம் வந்ததை அவள் பிற்பாடு தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

“இது என் பொண்ணுது மிஸ்.”

அகிலா தாளை மெல்ல மடித்தாள். “குழலியைக் கூப்பிடறேன். நீங்க வெளிய இருங்க.”

“நான் பெத்தவ மிஸ்.”

“அதனாலதாம்மா. யார் கூட இருக்கணும்னு மொதல்ல அவளைக் கேக்கணும்.”

குழலி உள்ளே போனதும் ஆய்வகத்துக் கதவு சாத்திக்கொண்டது. புவனேஸ்வரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்து ஒரு சொல்லும் காதில் விழவில்லை. எங்கோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் வரை குழலி பஸ்ஸில்தான் வந்துபோனாள். பஸ்ஸில் நெரிசல், கண்ட பையன்கள் ஏறுகிறார்கள் என்று புவனேஸ்வரிதான் அதை நிறுத்தினாள். தெரிந்த மனிதர் என்று ராமராஜனின் ஆட்டோவைப் பேசிவிட்டதும் அவள்தான். கடைசியாக இறங்குகிறவள் குழலி. அதை அவள் ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் சட்டென்று வந்தது. நிறுத்தியிருப்பாள். பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும் என்று சொல்லி, தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பாள். பிள்ளை அவளைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது. அது சுட்டது. சுட்ட இடத்திலேயே இன்னொன்றும் ஊறியது: நல்லவேளை, என்னிடம் சொல்லவில்லை. நல்லவேளை, வாய்விட்டுச் சொல்ல வேறோர் இடம் இருந்தது.

அரைமணி கழித்து அகிலா வந்தாள். கண் சிவந்திருந்தது; குரல் நிதானமாக இருந்தது.

“ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன். பிள்ளைங்க ஹெல்ப்லைன் 1098க்கும் பேசிட்டோம். போலீஸுக்கும் தகவல் போயிருக்குது. லேடீஸ்தான் வராங்க, யூனிஃபார்ம் இல்லாம. அந்த ஆளு இனிமே இந்தப் பக்கமே வர முடியாது. மத்த பசங்களோட வீட்டுக்கும் நாங்களே பேசறோம்.”

“என்னை வேணாம்னாளா மிஸ்?”

“பார்க்கணுங்கிறா. ஆனா பயப்படறா. ஏன் என்கிட்ட சொல்லலன்னு மட்டும் கேட்டுடாதீங்க.”

குழலி மூலை நாற்காலியில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. புவனேஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். கேட்க நூறு கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“நாளைக்கு எத்தன மணி பஸ்ஸுக்குப் போவணும்?”

குழலி நிமிர்ந்தாள். காதில் விழுந்ததை நம்பாதவள்போல அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

“நாளைக்கு சனிக்கிழமைம்மா. லீவு.”

“சரி, அப்ப திங்கக்கிழம.”

“எட்டேகால் பஸ்.”

“நானும் வரேன்.”

“ஐயோ, ஸ்கூல் கேட்டு வரைக்கும்லாம் வராத. கிளாஸே என்னை ஓட்டும்.”

“ஸ்டாப்பிங்லயே நின்னுக்குனு பாத்துட்டுத் திரும்பிடறேன். போதுமா?”

“அப்பா ஒத்துக்குவாரா?”

“அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். அது உன் கவல இல்ல.”

அப்போதுதான் குழலி அழுதாள். அகிலா ஜன்னல் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாயிருந்த கண்ணாடிக் குடுவை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று புவனேஸ்வரி தவித்தாள். கைதான் குவிந்தது.

“எனக்கு எதுக்கும்மா? எழுதின கை அவளுது. தண்ணி குடிங்க ரெண்டு பேரும். அவங்க வந்துக்குனு இருக்காங்க.”

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று குழலியிடம்தான் கேட்டார்கள். குழலி தலையாட்டினாள். புவனேஸ்வரி கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“நான் வெளிய இருக்கட்டுமாடி?”

குழலி சற்று யோசித்தாள். அந்த யோசனை முடியும்வரை அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

“இல்ல, இரும்மா.”

புவனேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.