அதிரும் ரவிக்கை

அக்காவுக்குக் காது கேட்காது. ஆனால் அவள் மேடையேறி ஆடினால் கண்ணை எடுக்க முடியாது. இந்த முறை தனியாக ஆடப்போகிறாள் என்றதும், பார்த்துத் தாளம் பிடிக்கப் பக்கத்தில் யாரும் இல்லையே என்று தங்கைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தங்கை நாடக உடை தைப்பவள். அவள் கணவன் மின்னணுக் கருவிகள் செய்கிறவன். வீட்டில் அவனுக்குப் பேரே 'கரண்ட்'. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப முதுகில் அதிரும் ரவிக்கை ஒன்றைச் செய்து அக்காவுக்குக் கொடுப்பதென்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. செல்போனில் இருப்பது போன்ற குட்டி மோட்டார்களை முதுகு முழுக்கப் பதிக்கவேண்டும் என்றான் அவன். துணி தொங்கிப்போகும் என்றாள் அவள். அவன் வயரை நேராக இழுத்தால், அக்கா குனிந்ததும் அறுந்துவிடும் என்று தங்கை பிரித்துப்போட்டு நெளிநெளியாகத் தைத்தாள். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலையை முடித்தார்கள்.

அக்கா போட்டுப் பார்த்தாள். பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரம் ஆடியவள், நின்று சிரித்துவிட்டுக் கையால் பேசினாள்.

"முதுகுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி. தாளம் எனக்குள்ளயே ஓடுது. அதை யாரும் சொல்ல வேணாம்."

கரண்டின் முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று தங்கைக்கு வெட்கமாக இருந்தது. அப்படியானால் என்னதான் வேண்டும் என்று சைகையில் கேட்டாள்.

அக்கா யோசித்தாள். "மேடை வெளிச்சத்துல எதிர்ல யாருமே தெரியாது. சிரிக்கிறாங்களா, மூச்சு விடாம பாக்குறாங்களா, எழுந்து போயிட்டாங்களா, ஒண்ணும் தெரியாம ஆடறேன். அதைச் சொல்லுமா இது?"

தங்கை அதைச் சொன்னதும் கரண்ட் பாட்டுக்கான வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கூட்டத்தின் சத்தத்தைப் பிடிக்க மைக் தேடப் போனான். அவள் முதுகுத் தையலைப் பிரித்து, தோளில் மட்டும் சில மோட்டார்களை வைத்துத் தைத்தாள். வாய்த்தகராறே இல்லாமல் நடந்த வேலை அது ஒன்றுதான்.

நிகழ்ச்சியன்று மைக் பார்வையாளர்களைப் பார்த்து நின்றது. கடைசிப் பாட்டு முடிந்தும் அக்கா தூக்கிய கையை இறக்கவில்லை. அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. அக்கா அசையாததைப் பார்த்துத் திரைக்குப் பின்னால் கரண்ட் பதறினான். பேட்டரி போய்விட்டது என்று அவன் எழப்போனான். தங்கை அவன் கையைப் பிடித்தாள்.

"சும்மா இருங்க. அவ கேட்டுக்கிட்டிருக்கா."

பிறகு கைதட்டல் எழுந்தது. அக்காவின் கை தானாகத் தோளுக்குப் போனது. கண் நிறைந்துவிட்டது.

உள்ளே வந்ததும் முதல் வேலையாக, ஆட்டத்தின் நடுவில் ஒரே ஒரு தடவை சுருக்கென்று அதிர்ந்ததே, அப்படி ரசித்தது யார் என்று கேட்டாள்.

"முன்வரிசையில ஒருத்தர் தும்மினாருங்க" என்றான் கரண்ட்.

தங்கை அதைச் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று வீடு போய்ச் சேரும்வரை ரவிக்கையைக் கழற்றவில்லை; மைக்கையும் கையோடு எடுத்துக்கொண்டாள். தெருவில் போன ஒவ்வொரு வண்டிக்கும் தோள் அதிர அதிர நடந்து போனாள்.