ஐஸில் வைத்த குழாய்

ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் போகும் மெல்லிய இழைகள் உண்டு. அவை பச்சையாக ஒளிரும்படி செய்ய எனக்கு மூன்று வருடம் ஆனது. இன்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு செல்லில்கூட இழை இல்லை. எல்லாம் வெறும் பச்சை மூட்டம்.

மைக்ரோஸ்கோப்பைப் பராமரிக்கும் அண்ணனைக் கூப்பிட்டு, அவர் உள்ளே நுழைவதற்குள் கத்த ஆரம்பித்தேன்.

"உங்க லென்ஸ் போச்சு! எத்தனை தடவை சொல்றது? இப்பவே மாத்துங்க!"

அவர் மேஜையிலிருந்த ஈஸ்ட் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா, இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

"கெட்டுடக் கூடாதேன்னு காலையிலேருந்து ஐஸ்ல வச்சிருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். குளிர் பட்டால் இந்த இழைகள் கரைந்துவிடும், சூடு பட்டால் மறுபடி வளரும் என்று என் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவளே நான்தான்.

குழாயைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். செல்லுக்குள் எதிரெதிரே இருந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் இழைகள் கிளம்பி வந்து, நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பச்சைக் குச்சி போல நிமிர்ந்து நின்றன. அடுத்த செல்லிலும் அப்படியே.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அண்ணன் கையில் ஸ்க்ரூடிரைவரோடு, சிரிக்காமல் நின்றிருந்தார்.

"அப்போ லென்ஸைக் கழட்டவா, வேணாமா?"