மூன்றாவது பொருள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. அகராதிக்காக ஒரு சொல்லை முடித்துக்கொடுக்க உட்கார்ந்தேன். சொல்: மிஸ்.

அவர் ஒரு மழை நாளில் என் எதிரே—

(வேண்டாம். அன்று மழையே இல்லை.)

2

ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகம். ‘எல்’ எழுத்து எனக்கு. எதிர் மேஜையில் ‘எம்’ எழுத்துக்காரர். எல்லோருக்கும் எம் மேடம். ‘மிஸ்’ஸுக்கு இரண்டு பொருள் எழுதியிருந்தார்: குறி தப்புதல், வண்டியைத் தவறவிடுதல். மூன்றாவதாக ‘இல்லாமையை உணர்தல்’ என்று எழுதி, தானே அடித்தார்.

“இப்படி யாராவது பேசுவாங்களா சார்?”

[பழைய ஆங்கிலத்தில் அம்பு இலக்கைத் தப்புவதுதான் அந்தச் சொல். ஆளில்லாமல் ஏங்குவது பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.]

3

அன்று மத்தியானம் அவருடைய தம்பியிடமிருந்து செய்தி. அப்பா சாவுக்கு வராததால் அவர் ஆறு வருடமாகப் பேசாமலிருந்த தம்பி.

“‘மிஸ் யூ அக்கா’ன்னு போட்டிருக்கான். என்ன பதில் போட?”

“நானும்தான்னு போடுங்க.”

“நானும் என்ன சார்? அதுக்குத்தானே மூணு நாளா வார்த்தை கிடைக்கல!”

சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு ரயிலேறினார்.

4

இங்கே தம்பி காலில் விழுந்து அழும் காட்சி ஒன்று எழுதிக் கிழித்தேன். நான் அங்கே இல்லை. அகராதியைச் சாக்குவைத்து போன் செய்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்:

“நல்லா திட்டணும்னுதான் போனேன். கதவத் திறந்ததும், ‘எனக்கு உன்ன ரொம்பத் தேடுச்சுக்கா’ன்னான். திட்டு வாயோட நின்னுடுச்சு. சார், அதுதான் மூணாவது பொருள். ‘தேடு.’ எழுதிக்கோங்க.”

எழுதினேன். தலைமைப் பதிப்பாசிரியர் அடித்தார்.

“தொலைஞ்சதத்தான்யா தேடுவாங்க.”

“அதேதான் சார்.”

மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார். மூன்றாம் முறை, தொலையட்டும் என்று விட்டுவிட்டார். வாழ்க்கையில் நான் பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

5

அவர் திரும்பவில்லை. தம்பி ஊரிலேயே பள்ளிக்கூட வேலை. பிள்ளைகள் ‘மிஸ்’ என்று கூப்பிடுகிறார்களாம். [அது வேறு வேர். முகஜாடைதான் ஒன்று, உறவில்லை.]

சற்றுமுன் கேட்டு அனுப்பியிருக்கிறார்: “என் மேஜைல இப்போ யார் சார்?”

யாரையும் உட்காரவைத்துவிடக் கூடாதென்று என் தாள்கட்டுகளையெல்லாம் அதன்மேல் அடுக்கிவைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: “புது ஆள் வந்தாச்சு மேடம்.” பொய்.

முடிவு இரண்டு: “யாருமில்ல.” இத்தோடு நிறுத்தினால் அதுவும் பொய்தான்.

முடிவு மூன்று: “மேடம், எனக்கு—

நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறார்.